தாடை உள்வாங்கிய நாகஸ்வரக்காரன் தாடைக் கருவி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: கொறுக்கைத்தட்டை

வணக்கம். வயது 44. கும்பகோணத்துப் பக்கம் ஊர். தொழில் நாகஸ்வரம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிற என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் தவில் வாசிக்கும் அண்ணன். ஒரு கும்பாபிஷேகம் முடித்து இரவு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு மல்லாந்து தூங்கிவிட்டேன். விடிகாலை டீக்கடையில் அண்ணன் சொன்னார்: "குறட்டை விட்டுக்கொண்டே வந்தாய், திடீரென்று நின்றுவிட்டது. விழித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். பார்த்தால் நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, மூச்சைக் காணோம். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஆதி தாளத்தில் மூன்று ஆவர்த்தனம். பிறகு ஓர் உறுமல். மறுபடி குறட்டை." அவர் விரல் நொடி பிசகாது. ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அவர் போட்டது அட்சரத்துக்கு ஒரு விநாடி. மூவெட்டு இருபத்துநான்கு விநாடி. பத்து விநாடி நின்றாலே மருத்துவர்கள் அதை ஒரு தடையாக எண்ணுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தஞ்சாவூரில் தூக்க ஆய்வு செய்தார்கள். மணிக்குச் சராசரியாக 22 முறை மூச்சுத் தடைப்படுகிறது. மல்லாந்து படுத்தால் 38, ஒருக்களித்தால் 9. ரத்தத்தில் ஆக்சிஜன் 81 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. என் எடை 64 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். "குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது வரும்?" என்று கேட்காத உறவினர் இல்லை.

காற்றழுத்த இயந்திரம், அதாவது சிபாப், இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அது மாட்டிய இரவுகளில் நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் என் படுக்கை ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்று கல்யாண மண்டபத்துப் பின்கட்டு, நாளை கோயில் சத்திரம், மறுநாள் வேன். பிளக் இருக்கும் இடத்தில் பாய் விரிக்க முடியாது, பாய் விரித்த இடத்தில் பிளக் இருக்காது. போதாக்குறைக்கு முகமூடியின் விளிம்பு மேலுதட்டில் அழுந்திப் புண்ணாகிவிட்டது. நாகஸ்வரத்தின் ஊதுதட்டையான சீவாளி உட்காருகிற இடம் அது. புண்ணோடு, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி ஒன்று வாசித்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்தி என்று கூட்டம் நினைத்திருக்கும்.

அதனால் இப்போது பற்களில் மாட்டும் கருவியைச் சொல்கிறார்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. இரவில் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்குமாம்.

என் முகத்தைச் சொல்லிவிடுகிறேன். மோவாய் இல்லாத முகம். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கிலிருந்து நேராகக் கழுத்துக்கு இறங்கிவிடும். மேற்பல் எத்து. பள்ளிக்கூடத்தில் எலிவாய் என்பார்கள். நாகஸ்வரம் கற்றுக்கொள்ளப் போனபோது, "இந்த வாயில் சீவாளி எப்படி நிற்கும்?" என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் குருநாதர் வாத்தியத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முப்பது வருடமாக அந்தக் கோணத்தில்தான் சோறு.

இரண்டு பல் மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாமவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "தாடை பின்னால் இருப்பதால்தான் நோய். முன்னால் இழுத்தால் தீர்ந்தது. உங்களுக்காகவே கண்டுபிடித்த வைத்தியம்" என்றார். இரண்டாமவர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள கோண வித்தியாசம் 7 பாகை, சாதாரணமாக 2 இருக்குமாம். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். இவை சாதகம். ஆனால் நாவடி எலும்பு, அதாவது நாக்குக்கு அடியில் கழுத்தில் இருக்கும் சிறு எலும்பு, தாடைக் கோட்டிலிருந்து 24 மில்லிமீட்டர் கீழே கிடக்கிறது, அது நல்ல அறிகுறி இல்லை, எனவே உறுதி தர முடியாது என்றார். கருவிக்கு 35,000 ரூபாய். உறுதி தராதவருக்குப் பணம் கொடுப்பதா, உறுதி தருகிறவரை நம்புவதா?

என் கேள்விகள் இரண்டு. முகத்தின் அமைப்பைப் பார்த்தே இது பலிக்குமா என்று சொல்லிவிட முடியுமா? இதை வருடக்கணக்கில் போட்டால் கடி, அதாவது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற விதம், மாறும் என்கிறார்கள். கடி மாறினால் என் வாசிப்பு என்ன ஆகும்?

பதில் 1: ஓய்வூதியன்

உங்கள் முகம் அப்படியென்றால் என் முகம் நேரெதிர். எனக்குத் தாடை முன்னால் துருத்தியிருக்கும், கீழ் முன்பல் மேல் முன்பல்லோடு நுனிக்கு நுனி முட்டும். அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

மணிக்கு 27 தடை. இயந்திரம் மாட்டச் சோம்பல்பட்டு, இணையத்தில் ஒரு கருவி வாங்கினேன். வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்தால் பல் அச்சு பதிந்துவிடும். விற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்களா, பல்லைப் பார்த்தார்களா? பணம் வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். குறட்டை பாதியாகக் குறைந்தது என்று வீட்டில் சொன்னதும் நோய் பாதியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஏழு மாதம் கழித்து ஒருநாள் மாங்காய்க் கீற்றைக் கடிக்கிறேன், துண்டாகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கீழ்ப்பல் மேற்பல்லைத் தாண்டி வெளியே நிற்கிறது. மறுபடி ஆய்வு செய்தபோது தடை 24. மூன்று எண் குறைவதற்குக் கடியைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது சிபாப்போடு சமாதானமாக வாழ்கிறேன். குறட்டையின் சத்தத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பதில் 2: பல்சீரமைப்பாளர்

நான் பல்சீரமைப்பு மருத்துவர். இந்தக் கருவிகளைப் பதினொரு வருடமாகச் செய்து கொடுக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொது விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டையை ஒரு பெட்டிக்குள் இருக்கும் குழாயாக நினையுங்கள். பெட்டி எலும்பு. உள்ளே இருப்பது நாக்கு, வாயின் மேற்கூரையில் பின்பக்கத்து மென்பகுதியான மெல்லண்ணம், கொழுப்பு. சாமான் மிகுந்தாலும் குழாய் நசுங்கும், பெட்டி சிறுத்தாலும் நசுங்கும். ஒல்லியான உங்களுக்கு ஏன் வந்தது என்பதற்கு இதுதான் பதில். ஹாங்காங்கிலும் சிட்னியிலும் உள்ள நோயாளிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது. நோயின் கடுமை ஒரே அளவில் இருந்தபோது, சீனர்களிடம் எலும்பின் குறுக்கம் கூடுதல், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உடல் பருமன் கூடுதல்.

கருவி என்ன செய்கிறது? நாக்கின் பெரிய தசை மோவாய் எலும்பின் உட்புறத்தில் பிடித்திருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கின் அடியும் கூடவே வரும். அதோடு மெல்லண்ணத்துக்குப் பின்னால் உள்ள இடம் பக்கவாட்டில் விரிகிறது. முன்னே இழுத்தால் பக்கவாட்டில் ஏன் விரிய வேண்டும் என்று மாணவனாக இருந்தபோது எனக்குக் குழப்பம். தாடையிலிருந்து தொண்டைச் சுவர் வரை திசுக்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒரு முனையை இழுத்தால் சுவரும் இழுபடுகிறது.

ஆகவே தாடை பின்தங்கியவர்களுக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று முதல் மருத்துவர் சொன்னதில் உண்மை உண்டு. இதில் புதுமையும் இல்லை. பிறவியிலேயே தாடை மிகச் சிறுத்து, நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைக்கும் குழந்தைகளைப் பற்றிப் பியர் ரொபேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923இல் எழுதினார். தாடையை முன்னே கொண்டுவரும் கருவியையும் அவர் கையாண்டார். ஆனால் "உங்களுக்காகவே கண்டுபிடித்த வைத்தியம்" என்று நான் சொல்ல மாட்டேன். நாவடி எலும்பு தாடைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 15 மில்லிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். உங்களுக்கு 24. நாக்கின் அடிப்பகுதி கீழே தொங்குகிறது, நசுங்கக்கூடிய குழாயின் நீளம் அதிகம் என்று பொருள். மெல்லண்ணம் நீளமா? மூக்குத்தண்டு வளைவா? மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கருவி சரிவரப் பலிப்பதில்லை. முகம் நீண்டு, தாடையின் அடிக்கோடு செங்குத்தாக இறங்கியிருந்தால் அதுவும் பாதகம். வாய் சற்றுத் திறந்தாலே தாடை கீழும் பின்னும் சுழலும், முன்னே இழுத்ததில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டுங்கள், சத்தம் கொடுக்க வேண்டாம். உள்நாக்கு முழுதாகத் தெரிகிறதா? இதை மல்லம்பட்டி வகுப்பு என்போம். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் மயக்க மருத்துவராக இருந்தவர் மல்லம்பட்டி. 1985இல் வேறு காரியத்துக்காக, மயக்க மருந்து கொடுக்கும்போது குழாய் செருகுவது கடினமா என்று அறிய, வகுத்தது. எங்களுக்கும் பயன்படுகிறது.

இவ்வளவு அளந்தும் என்னால் உறுதி தர முடியாது. எக்ஸ்ரே நீங்கள் விழித்து, நிமிர்ந்து இருக்கும்போது எடுத்த தட்டைப் படம். நோயோ படுத்து, தசை தளர்ந்த பிறகு நடக்கிறது. பொதுவாகச் சொன்னால் கருவி போடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு முழுமையாகச் சரியாகிறது, இன்னொரு பங்கினருக்குப் பாதி, மீதிப் பேருக்குப் போதவில்லை. முகம் உங்களை முதல் கூட்டத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளுகிறது. 38க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம், அதாவது மல்லாந்தால் மட்டும் மோசமாவது, இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. எடையும் சாதகம். நானாக இருந்தால் உறுதி தராத மருத்துவரிடம்தான் போவேன்.

ஓய்வூதியன் ஐயாவின் கதையும் இதோடு சேர்ந்தது. இந்தக் கருவி இரவு முழுதும் கீழ்ப்பற்களை முன்னும் மேற்பற்களைப் பின்னும் மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நுனிக்கு நுனி முட்டும் கடியில் அந்தத் தள்ளல் நேராகச் சேதம். எத்துப்பல் உள்ளவருக்கு 8 மில்லிமீட்டரில் கொஞ்சம் குறைந்தால் பலர் மகிழ்வார்கள். பத்து வருடத்துக்கு மேல் போட்டவர்களிடம் இந்த இடைவெளி சராசரியாக 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. உங்கள் தொழிலுக்கு அந்த 2 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாத வித்தை. இப்போதே பல் அச்சு எடுத்து, சீவாளி பிடித்த நிலையில் பக்கவாட்டில் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரு தாடையையும் அறுத்து முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சை பற்றி யாராவது சொல்வார்கள். பலன் மிகுந்த சிகிச்சைதான். ஆனால் கீழுதட்டுக்குப் போகும் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடுகிறது. அறுவைக்குப் பின் உதடும் மோவாயும் மரத்துப்போவது சாதாரணம், சிலருக்கு அது நிலைத்தும்விடும். உதட்டால் சோறு சாப்பிடுகிறவர் கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

பதில் 3: ஊர்வம்பன்

நான் படித்த ஒரு செய்தி: ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் பயின்றவர்களுக்கு இந்த நோய் குறைந்ததாம். சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்டார்கள், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2017இல் அதற்குக் கிடைத்தது. ஊதுகிறவருக்கு இந்த நோய் எப்படி வந்தது?

கொறுக்கைத்தட்டை

ஊர்வம்பன் அவர்களே, அதே கேள்வியை நானும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் ஊதியிருக்காவிட்டால் 22 என்பது 40 ஆக இருந்திருக்குமோ என்னவோ. எலும்பு ஊதி வளர்வதில்லை.

டாக்டர் ஐயா, நன்றி. உள்நாக்கின் நுனி தெரியவில்லை, அடி மட்டும் தெரிகிறது. மூக்கு சுத்தம். இரண்டாமவரிடமே போகிறேன். உதடு மரத்துப்போவது பற்றி நீங்கள் எழுதிய வரியை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அன்று மாலை அவர் டீ குடிக்கவில்லை.

பதில் 4: வாயில்_விரல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு ஏழு வயது, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், மேலண்ணம் குறுகி உயர்ந்து கோபுரம் போல இருக்கிறது. அவனுக்கும் இந்தக் கருவியா?

பல்சீரமைப்பாளர்

இல்லை அம்மா. பிள்ளைகளுக்கு முதலில் டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டையும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். மேலண்ணத்தின் நடு இணைப்பு அந்த வயதில் இறுகியிருக்காது, தேவையானால் திருகுள்ள தட்டு வைத்து அகலப்படுத்த முடியும். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கொறுக்கைத்தட்டை (ஐந்து மாதம் கழித்து)

கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை.

கருவி போட்டேன். முதலில் என் தாடை எவ்வளவு தூரம் முன்னே வரும் என்று அளந்தார். முழுவதும் பின்னிருந்து முழுவதும் முன்வரை 11 மில்லிமீட்டர். 6இல் தொடங்கினார். பக்கத்துத் திருகைச் சாவியால் திருப்பித் திருப்பி, இரண்டு மாதத்தில் ஏழரைக்கு வந்து நின்றது. முதல் பத்து நாள் தலையணை நனையும் அளவு எச்சில், காதுக்கு முன்னால் மூட்டில் வலி. எட்டிலும் வைத்துப் பார்த்தோம். வலி தாளவில்லை, பின்வாங்கினோம்.

கருவியோடு மறுபடி தூக்க ஆய்வு. மணிக்கு 7. மல்லாந்தால் 11. ஆக்சிஜன் 89க்குக் கீழே போகவில்லை. 5க்குக் கீழே வந்திருந்தால்தான் முழு வெற்றி என்று சொல்லியிருப்பாராம். நாவடி எலும்பு தன் பங்கைக் கேட்கிறது போலும். வீட்டில் இருக்கும் நாட்களில் முதுகுப் பக்கம் தலையணை முட்டுக்கொடுத்து ஒருக்களித்துப் படுக்கிறேன். பகல் தூக்கம் போய்விட்டது. தவில் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது கண் சொக்கும் பழக்கம் எனக்கு இருந்தது, அது அண்ணனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியுமாம்.

இனி வாசிப்பு. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், இணையத்தில் எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. கருவியைக் கழற்றியதும் தாடை உடனே பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாது. அந்த நிலையில் சீவாளியை வைத்தால் கீழுதடு எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. மந்திர ஸ்தாயி சமாளிக்கலாம். மேலே போகப் போகச் சுருதி ஏறி நிற்கிறது, அழுத்தத்தைக் குறைத்தால் நாதம் உடைகிறது. கடித்துக்கொள்ள ஒரு சிறு கட்டை கொடுத்திருக்கிறார், பழைய கடியின் அச்சு அதில் இருக்கிறது. கால் மணி நேரம் கடித்து, மோவாயைக் கையால் பின்னுக்கு அழுத்தினால் முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. நாலரை முகூர்த்தமென்றால் மூன்றே காலுக்குக் கழற்றிவிடுவேன். கழற்றிய பிறகு தூங்குவதில்லை.

பல் அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 8 இன்னும் 8ஆகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்பதாகச் சொல்லியிருக்கிறார். சீவாளி பிடித்த படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் வேனில் அண்ணன் மறுபடி பக்கத்து இருக்கை. இறங்கும்போது கேட்டேன். "இரண்டு இடத்தில் நின்றது. நாலு அட்சரம், ஐந்து அட்சரம். நானும் தூங்கிவிட்டேன்" என்றார்.

இன்னொரு சிறு சந்தேகம், டாக்டர் ஐயா. சத்திரங்களில் கிணற்று நீர்தான் கிடைக்கிறது, தட்டில் வெள்ளையாக உப்புப் படிகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுகிறது. எதில் ஊறவைப்பது?